தெருவைக் கண் எப்படிப் பார்க்கிறது?

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களிற் பல, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தே தம் காணிகளைத் தேடிச் சென்றன. வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை; எங்கும் பற்றை. பழைய கிணற்றையும் தப்பி நின்ற மரத்தையும் வைத்தே வளவை மட்டிட வேண்டியிருந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தெருவின் நீள அகலத்தை நம் கண் மனதில் வைப்பதில்லை. வழியில் தென்படும் அடையாளங்களையே வைக்கிறது.

கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க அறிஞர், மூன்று நகரங்களின் மக்கள் தம் நகரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என ஆராய்ந்து, 1960 இல் நூலாக வெளியிட்டார். பாதை, எல்லை, பகுதி, சந்தி, அடையாளம் என ஐந்தை அவர் கண்டார். நமக்கு இவை புதியவையா? ஒழுங்கை, குளக்கட்டு, குறிச்சி, முச்சந்தி, ஆலமரம் என்று நாம் சொல்பவைதானே!

ஒரே நேர்கோட்டில் ஒரே மாதிரி வீடுகள் எழுந்தால், சிறுபிள்ளையும் பார்வை மங்கிய முதியவரும் தம் ஒழுங்கையைத் தவறவிடுவர். எனவே குடியேற்றத் திட்டத்தில், நில அளவையாளர் கட்டை அடிக்க முன்னரே, காக்க வேண்டிய மரங்களையும் கிணறுகளையும் நாம் குறித்துக் கொடுப்போம். சந்திக்குச் சந்தி வேறு வேறு மரம் நடுவோம்: ஒன்றில் வேம்பு, இன்னொன்றில் மருது.

தூரத்தையும் கவனிப்போம். டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் கேல் கூறுவதன்படி, சுமார் 100 மீற்றரில் ஆள் வருவது தெரியும். முகக்குறிப்புத் தெரிய 20, 25 மீற்றருக்குள் வரவேண்டும். கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாய்க்கு இது சிறிய விடயமல்ல. அவருடைய படலை அயல் வீட்டுப் படலையிலிருந்து அந்தத் தூரத்துக்குள் இருந்தால், முகம் பார்த்தே துன்பம் அறியலாம்.

கிணற்றடிக்கு உயர்ந்த கிடுகு வேலி தேவை. சந்தியிலோ அதே வேலி, சைக்கிளில் வரும் பிள்ளையை மறைத்துவிடும். அங்கே வேலியைப் பதிவாக அடைப்போம்.

கூடிச் செய்வோம்:

1. வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போகும் வழியைப் பெண்கள், முதியோர், சிறுவர் தனித்தனியே மணலில் வரையட்டும்.

2. மூன்று படங்களிலும் வருபவை எவை? அவற்றை எவரும் வெட்டவோ மூடவோ விடலாமா?

3. சிறுவர் மட்டும் வரைந்தவை எவை? பெரியவர்களின் கண்ணுக்கு அவை ஏன் தப்பின?