ஆலை ஓடுமுன் முதல் போடலாமா?

பிறர் தொழிலில் முதல் போட்டு, இலாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு கொள்வது மார்க்கம் அனுமதித்த முஷாரகா முறையாகும். வாங்குவது இன்னதென்று தெளியாமல் வாங்குவதோ ‘கரர்’, அது விலக்கப்பட்டது. சுங்கை சிப்புட் வியாபாரிகளாகிய நாம் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

மின் ஸ்கூட்டர் செய்யும் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனி, 2024 ஆகஸ்டில் பங்கொன்று 76 ரூபாயென வெளியிட்டது. தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரியிலுள்ள அதன் பாட்டரி ஆலையில் அப்போது வணிக உற்பத்தி தொடங்கவில்லை. திரட்டிய பணத்தில் ஒரு பகுதி அவ்வாலையை விரிவாக்கவே ஒதுக்கப்பட்டது. இத்தகைய பங்கில் நாம் வாங்குவது ஆலையின் இன்றைய இலாபத்தையல்ல, நாளைய நம்பிக்கையையே.

சோதனை உற்பத்தி வேறு, வணிக உற்பத்தி வேறு. ஒரு தேக்சா பிரியாணி ருசித்ததால், கந்தூரியின் நூறு தேக்சாவும் அப்படியே அமைந்துவிடாது. பாட்டரி செல்லில் பூச்சின் கனம் மயிரிழை மாறினாலும், ஈரமோ தூசோ புகுந்தாலும் அது கழிவே. கழிவு மிகுந்தால் இலாபம் ஏது?

சுவீடனில் 2016-இல் தோன்றிய நார்த்வோல்ட், 2021 டிசம்பரில் தன் பெரிய ஆலையில் முதல் செல்லைச் செய்தது. பேரளவு உற்பத்தி கைகூடவில்லை. 2024-இல் பி.எம்.டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்துச் செய்தது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவாலாயிற்று.

ஆகவே முதலில் கேட்போம்: வாங்குவோர் ஒப்பந்தம் உண்டா? நூறு செல்லில் எத்தனை தேறுகின்றன? தாமதமானால் எத்தனை மாதத்துக்குப் பணம் உண்டு? வட்டிக் கடன் எவ்வளவு? மலேசியப் பங்குச் சந்தைக் கம்பெனியானால், செக்யூரிட்டீஸ் கமிஷன் மே, நவம்பர் மாதங்களில் வெளியிடும் ஷரீஅத் பட்டியலில் உள்ளதா?

விடை திருப்தியானாலும், ஜகாத்தும் கடனும் கடை முதலும் போக மிஞ்சியதில் சிறு பகுதியையே போடுவோமாக. அல்லாஹ் நம் தேட்டத்தில் பறக்கத் அருள்வானாக. ஆமீன்.