ஓடைக்கும் ஒரு ‘ஹரீம்’

தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு வெட்டினால், அதைச் சுற்றிலும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் பிறர் கிணறு தோண்டக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். இந்தச் சுற்று நிலத்துக்கு ‘ஹரீம்’ என்று பெயர். கால்நடைகளுக்கு நீர் இறைக்கும் கிணற்றுக்கு இது 40 முழம் என ஹனஃபி சட்ட நூல்கள் கூறுகின்றன. அருகில் தோண்டினால் முதல் கிணற்றின் நீர் வற்றிவிடக்கூடும். நீர் அருந்த வரும் பிராணிகளுக்கும் நிற்க இடம் இராது. நீரைக் காக்க வேண்டுமானால் அதன் ஓரத்தையும் காக்க வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

ஏறத்தாழ இதே கருத்தை அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கச் சட்டத்திலும் காண்கிறோம். 3-8-1977 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அது. அதன் கீழ் 1983-ல் வகுக்கப்பட்ட விதிப்படி, ஓடையிலிருந்து 100 அடிக்குள் உள்ள நிலத்தைச் சுரங்க வேலைக்காகக் கலைக்கக் கூடாது. நம் கணக்கில் இது 66 முழத்துக்குச் சற்று அதிகம். அந்த எல்லையில் அடையாளப் பலகையும் நடவேண்டும்.

இந்த ஓரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

1. கரை மரங்களின் நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன.

2. உதிரும் இலைகள் நீரடிப் பூச்சிகளுக்கு உணவு. அந்தப் பூச்சிகள் மீனுக்கும் பறவைக்கும் உணவு. மரத்தை வெட்டினால் மீனின் இரணத்தையும் வெட்டியதாகும்.

3. தோண்டிப் போட்ட சில பாறைகளில் கந்தகமும் இரும்பும் கலந்திருக்கும். காற்றும் மழையும் பட்டால் அதிலிருந்து அமிலம் கசியும். கரையின் காப்பு இல்லையேல் சேறும் நஞ்சும் நேரே நீரில் இறங்கும்.

பிராணிகளுக்காகவும் அச்சட்டத்தின் விதிகள் கவலைப்படுகின்றன. கழுகுக் கூடு கண்ணில் பட்டால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். மின்கம்பிகளில் பெரிய பறவைகள் அடிபட்டு இறவாதபடி அவற்றை அமைக்க வேண்டும். நச்சு நீர்க் குட்டைகளுக்குப் பிராணிகள் வராதபடி வேலி போட வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் என்ன நடந்தது? அந்நாட்டின் கிழக்கே அப்பலாச்சிய மலைகளில், குன்றின் உச்சியையே வெடி வைத்துத் தகர்த்துக் கரி எடுத்தார்கள். மிஞ்சிய கல்லையும் மண்ணையும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டினார்கள். அங்கேதான் ஓடைகள் பிறக்கின்றன! 1985 முதல் 2001 வரை 724 மைல் நீள ஓடைகள் இப்படிப் புதையுண்டன என்று அந்நாட்டு அரசுத் துறைகளின் ஆய்வே கூறுகிறது.

விதி இருக்கும்போது இது எப்படி நேர்ந்தது? அனுமதி பெற்றால் 100 அடிக்குள்ளும் வேலை செய்யலாம் என்று அவ்விதியிலேயே ஒரு விலக்கு இருந்தது. நீரின் தரத்துக்கும் அளவுக்கும் கேடு வராது என்று அதிகாரி கண்டால் மட்டுமே அது செல்லும். ஆனால் விலக்கே வழக்கமாகிவிட்டபோது, எல்லைப் பலகை வெறும் மரத்துண்டாயிற்று. 2016 டிசம்பரில் இன்னும் கடுமையான விதி வந்தது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டுப் பாராளுமன்றமும் ஜனாதிபதியும் அதை நீக்கிவிட்டனர்.

கரி தேவைதான். அதைத் தோண்டி உழைத்துப் பிழைப்போர் ஆயிரக்கணக்கானோர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. விதியும் தோண்டுவதைத் தடுக்கவில்லை. “இந்த ஓரத்தை மட்டும் விடு” என்றே சொன்னது. வெட்டிய மலையில் மண்ணை நிரப்பிப் புல் விதைக்கலாம். புதைத்த ஊற்றுக்கண்ணை முன்போல் திறந்துவிட மனிதனால் இயலுமா?

நிர்ப்பந்தத்துக்காகத் தரப்பட்ட சலுகையை நிரந்தர வசதியாக்கிக்கொள்வது மனிதனின் பழைய நோய். அது சுரங்க முதலாளியிடம் மட்டுமா இருக்கிறது? நம் ஊர்க் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும், “ஒரு முழம்தானே!” என்று வேலியைத் தள்ளிப் போடும் நம்மிடமும் அது இருக்கிறதல்லவா? வாய் பேசாத பிராணிகளின் பங்கும் அந்த ஒரு முழத்தில் அடங்கியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்த அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.