சேரும் நாளில் சமம், அதற்குப் பிறகு?

கேள்வி: இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணத்தை அரசே கடனாகத் தருகிறதாமே? அப்படியென்றால் ஏழைக்கும் பணக்காரருக்கும் வாசல் ஒன்றுதானே?

பதில்: சேரும் நாளில் ஒன்றுதான். 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணம், 2012-ல் 9,000 வரை போனது. ஆனாலும் முன்பணம் தேவையில்லை. 2012-ல் சேர்ந்தவர்களுக்கு, ஆண்டுச் சம்பளம் 21,000 பவுண்டைத் தாண்டினால்தான் தவணை என்று விதித்தார்கள். அதற்கு மேற்பட்ட தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். வேலை போனால் தவணையும் நிற்கும். 30 ஆண்டுகளில் மீதி தள்ளுபடி. வீட்டை அடமானம் வைத்து வாங்கும் கடனைப் போல இது கழுத்தை நெரிப்பதில்லை. அந்த அளவுக்கு நல்ல ஏற்பாடு.

எனக்கு வலிப்பது வேறு இடம். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஏழை மாணவர்களுக்குத் தந்துவந்த உதவித்தொகையை 2016-ல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிறுத்திவிட்டு, அதையும் கடனாக்கினார்கள். குடும்ப வருமானம் குறைந்தால் கடன் அதிகம் கிடைக்கும். எனவே மிக ஏழையான பிள்ளைதான் மிகப்பெரிய கடனோடு பட்டம் வாங்குகிறது! வசதியுள்ள பெற்றோரோ கட்டணத்தை ரொக்கமாகக் கட்டி வட்டியிலிருந்தே தப்பிவிடலாம். 2023 முதல் சேர்பவர்களுக்குத் தள்ளுபடிக் காலமும் 40 ஆண்டு. அதிகம் சம்பாதிப்பவர் சீக்கிரமே கட்டி முடித்துவிடுவார். நடுத்தரச் சம்பளக்காரர்தான் அறுபது வயதுவரை கட்டிக்கொண்டிருப்பார்.

கட்டணத்துக்குக் கடன் இருக்கட்டும். ஏழைப் பிள்ளையின் சோற்றுக்கும் வாடகைக்கும் மானியமே தர வேண்டும்.