பெல்லட் பாய்லர் வேலைக்குப் போகிறீர்களா?

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டுத் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வேலை தேடுகிறவர்களுக்கு இந்த வழியைச் சொல்கிறேன். பாய்லர் அறை வெக்கையான இடம், சாம்பல் பறக்கும் இடம். ஆனால் சான்றிதழும் கைப்பழக்கமும் உள்ள ஆளை எந்தத் தொழிற்சாலையும் லேசில் விடாது.

நம் பக்கத்தில் நீராவி தேவைப்படும் இடங்களுக்குக் குறைவில்லை. சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தைத்த துணிக்கு இஸ்திரி போட நீராவி வேண்டும். தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. அதை ஒட்டிய பல்லாவரத்துப் பதனிடும் கூடங்களில் வெந்நீர் வேண்டும், உலர்த்தச் சூடு வேண்டும். ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை, சோழிங்கநல்லூர் பால்பண்ணை, ஜி.எஸ்.டி. சாலை நெடுக இருக்கும் கல்லூரி விடுதிச் சமையற்கூடங்கள், மருத்துவமனைச் சலவைக் கூடங்கள் என்று பட்டியல் நீளும். இப்படிப்பட்ட இடங்களில் டீசலையும் ஃபர்னஸ் ஆயிலையும் விட்டுப் பெல்லட்டுக்கு மாற நினைப்பவர்களின் கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசல் தரும் நீராவியை ஏறத்தாழ 2.4 கிலோ நல்ல பெல்லட் தந்துவிடும். இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மரத்தூள், கடலைத் தோல், சவுக்குக் கழிவு, சீமைக் கருவேலம் ஆகியவற்றை அரைத்து, உலர்த்தி, அச்சில் அழுத்திய சிறு உருளைதான் பெல்லட். நல்ல சரக்கில் ஈரம் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்கும். கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். லாரி வந்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து விரலால் ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும், பொடியாக உதிரக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டைப் போடுங்கள். நன்றாக அழுத்தியது உடனே மூழ்கும், மிதந்தால் அழுத்தம் போதவில்லை.

அடுத்தது சாம்பல். மணிக்கு ஒரு டன் நீராவி தரும் பாய்லர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 200 கிலோவுக்கு மேல் பெல்லட் தின்னும். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் இரண்டு சதவீதம் என்றால் 32 கிலோ. நெல் உமி கலந்து சாம்பல் 15 சதவீதமானால் 240 கிலோ. அத்தனையையும் வாரப் போவது நீங்கள்தான். வைக்கோல் போன்ற பயிர்க் கழிவுகளில் பொட்டாசியம் அதிகம். அந்தச் சாம்பல் உருகி, பெல்லட் எரியும் தட்டான கிரேட்டின் மேல் கிளிங்கர் என்ற கட்டியாக இறுகி காற்று ஓட்டைகளை அடைத்துவிடும். மலிவு விலைச் சரக்கு வாங்கப்படும்போது இதை மேலாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

கிடங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. நனைந்த பெல்லட் உப்பிப் பொடியாகிவிடும். மூட்டைகள் மேடையின் மேல் இருக்கட்டும். காற்றோட்டம் இல்லாத கிடங்கில் பெல்லட்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஐரோப்பாவில் இதனால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கதவைத் திறந்து காற்றாட விட்ட பிறகே உள்ளே போங்கள்.

"டீசல் பாய்லரில் நாலு வருஷம் இருந்தேன், இது தெரியாதா?" என்று வருகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். டீசலில் பொத்தானை அழுத்தினால் தீ அணையும். பெல்லட்டில் கிரேட்டின் மேல் கிடக்கும் நெருப்பு பொத்தானுக்குக் கட்டுப்படாது. கரன்ட் போனால் புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன் நிற்கும், தண்ணீர் ஏற்றும் பம்ப்பும் நிற்கும். நெருப்போ எரிந்துகொண்டே இருக்கும். புகை அறைக்குள் திரும்பும், தீ பெல்லட் வரும் குழாய்க்குள் பின்னோக்கி ஏறப் பார்க்கும், பாய்லருக்குள் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். அதனால் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எழுகிறது, ஃபேனும் பம்ப்பும் அதில் இணைக்கப்பட்டிருக்கின்றனவா, தீ பின்னேறாமல் தடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதையெல்லாம் முதல் நாளே கேளுங்கள்.

ஷிஃப்ட் ஏறியதும் முதல் வேலை, பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸைச் சோதிப்பது. நீராவி, தண்ணீர் காக் இரண்டையும் மூடி, ட்ரெயினைத் திறங்கள். தண்ணீர் காக்கை மட்டும் திறந்தால் தண்ணீர் சீறி வர வேண்டும். அதை மூடி நீராவி காக்கைத் திறந்தால் நீராவி வர வேண்டும். ட்ரெயினை மூடிவிட்டு இரண்டையும் திறந்தால் மட்டம் சட்டென்று எழ வேண்டும். மெதுவாக ஏறினால் வழி அடைத்திருக்கிறது, கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்பாதீர்கள். மட்டம் அடியோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் பதறிப்போய்க் குளிர்ந்த தண்ணீரை ஏற்றவே கூடாது. பெல்லட் வரத்தையும் காற்றையும் நிறுத்துங்கள், நெருப்பு அடங்கட்டும்.

போர்வெல்லிலும் டேங்கரிலும் வரும் கடினத் தண்ணீரைச் சாஃப்டனர் வழியாக அனுப்பாமல் விட்டால் குழாயில் உப்புப் படியும். ஒரு மில்லிமீட்டர் படிவே எரிபொருள் செலவை 5 முதல் 8 சதவீதம் வரை கூட்டிவிடும். ஹார்ட்னஸ், டி.டி.எஸ்., பி.எச். மூன்றையும் சோதித்து, பாய்லரின் அடித் தண்ணீரை வெளியேற்றும் ப்ளோ டவுன் நேரத்தோடு லாக் புக்கில் எழுதிவையுங்கள். அந்த நோட்டுதான் நாளைக்கு உங்கள் தரப்புச் சாட்சி.

சான்றிதழுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது கொதிகலன்கள் சட்டம், 2025 இருக்கிறது. தகுதிச் சான்று பெற்றவரின் பொறுப்பில்தான் பாய்லர் ஓட வேண்டும் என்ற விதி மாறவில்லை. முதலில் இரண்டாம் வகுப்பு பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வு, அனுபவம் சேர்ந்ததும் முதல் வகுப்பு. டிப்ளமோ, பட்டம் உள்ளவர்கள் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினீயர் தேர்வைக் குறி வையுங்கள். வெப்பப் பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டிய பாய்லருக்கு அந்தச் சான்று பெற்றவர் கட்டாயம் தேவை. தேர்வு எழுத அனுபவச் சான்று கேட்பார்கள். ஆகவே உதவியாளராகச் சேரும்போதே, வேலை பார்த்த நாட்களுக்கு எழுத்தில் சான்று தருவார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

"இது நான்-ஐ.பி.ஆர்., சான்றிதழ் தேவையில்லை" என்று சில இடங்களில் சொல்வார்கள். இந்தியப் பாய்லர் ஒழுங்குமுறைகளுக்கு (ஐ.பி.ஆர்.) உட்படாதது என்று பொருள். நூறு டிகிரிக்குக் கீழே வெந்நீர் மட்டும் தரும் ஹீட்டருக்கு அது பொருந்தும். ஆனால் சூடும் நெருப்பும் அங்கேயும் உண்டு, கவனம் குறையக் கூடாது. நீராவிப் பாய்லரில் சேஃப்டி வால்வைக் கட்டிவைத்து ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது சட்டப்படி குற்றம். 2020-இல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒன்று, ஜூலையில் ஒன்று என இரண்டு கொதிகலன் விபத்துகள் நடந்தன. வீடு திரும்பாத தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள்.

நேர்காணலுக்குப் போகும் இடத்தில் சம்பளம் பேசுவதற்கு முன்பு, பாய்லர் அறையை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கேஜ் கிளாஸ் துடைத்திருக்கிறதா, லாக் புக்கில் நேற்றைய பக்கம் நிரம்பியிருக்கிறதா, இந்த ஆண்டின் ஆய்வுச் சான்றைக் கேட்டால் காட்டுகிறார்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் சேருங்கள்.