பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது...
காது கேளாத கல்லூரி மாணவர்களுக்குத் தொலைவழி உதவி

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து ‘பாலை’ என்று சொல்லுங்கள். அடுத்து ‘மாலை’ என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ‘வலி’, ‘வழி’, ‘வளி’ மூன்றுக்கும் வித்தியாசம் நாக்கில்தான். வெளியே ஒன்றும் தெரியாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பேராசிரியரின் உதட்டைப் பார்த்தே பாடம் படிக்கும் மாணவிக்கு நாள் முழுக்க இதே பாடுதான். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அதுவும் போச்சு.

நெல்லைக்கு இந்தக் கல்வி புதிதல்ல. பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 1890களில் பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. பள்ளி முடிந்து கல்லூரிப் படி ஏறும்போதுதான் சிக்கல். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடையோருக்கெனத் தனிப் பட்ட வகுப்புகள் உண்டு. ஆனால் அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ இருக்கிற எல்லாக் குடும்பமும் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியுமா? பக்கத்துக் கல்லூரியில் சேர்த்தால், சைகை மொழிபெயர்ப்பாளர் தினமும் நேரில் வந்து நிற்பது எளிதல்ல. அதற்குத்தான் தொலைவழி உதவி.

எப்படி நடக்கிறது?

பேராசிரியர் சட்டையில் ஒரு சிறிய மைக் மாட்டிக்கொள்கிறார். அவர் பேச்சு வீடியோ அழைப்பு வழியாக வேறோர் ஊரில் இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்குப் போகிறது. அவர் அதை இந்திய சைகை மொழியில் சொல்ல, மாணவர் தன் லேப்டாப்பில் பார்க்கிறார். மாணவர் சைகையில் கேட்கும் சந்தேகத்தை மொழிபெயர்ப்பாளர் குரலாக்கி வகுப்புக்குச் சொல்கிறார். தொடர்ந்து சைகை செய்தால் கையும் மூளையும் களைத்துப்போகும். அதனால் நீண்ட வகுப்புக்கு இரண்டு பேர் மாறி மாறிச் செய்வது வழக்கம்.

இரண்டாவது வழி நேரடி எழுத்து. பேசப் பேச, சொற்கள் திரையில் வரியாக ஓடும். சுருக்கெழுத்தும் வேகத் தட்டச்சும் தெரிந்த ஒருவர் தொலைவில் இருந்தே இதைச் செய்யலாம். செல்போனே செய்வதும் உண்டு. 2019இல் கூகுள் வெளியிட்ட ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி தமிழையும் எழுதும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமிட்ரி கனேவ்ஸ்கி, தாமே காது கேளாத ஆராய்ச்சியாளர்.

எது யாருக்கு?

சிறு வயதிலிருந்தே சைகையில் வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாவது மொழி போன்றது. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அவருக்கு வேகமாக ஓடும் எழுத்து மட்டும் போதாது. பேச்சு வந்த பிறகு கேட்கும் திறனை இழந்தவருக்கு எழுத்தே வசதி. எனவே ‘இதுதான் இருக்கு, வச்சுக்கோ’ என்று சொல்லாமல், மாணவரையே கேளுங்கள்.

செயலியை முழுதாக நம்பிவிடவும் கூடாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பாடத்திலும், ‘சொல்லுதேன்’, ‘வந்தாவ’ என்ற நம் ஊர்ப் பேச்சிலும் அது தடுமாறலாம். வேதியியல் வகுப்பில் ‘கரையாது’ என்றது ‘கரையும்’ என்று விழுந்தால், தேர்வில் மதிப்பெண் போவது மாணவருக்குத்தான். பாடச் சொற்களின் பட்டியலை முந்தைய நாளே மொழிபெயர்ப்பாளருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் அனுப்பிவிட்டால் பிழை வெகுவாகக் குறையும்.

இது சலுகையா, உரிமையா?

உரிமைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, காது கேளாதோருக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. 32ஆம் பிரிவின்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. இந்த இடங்கள் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டுச் சான்று பெற்றவர்களுக்கு. இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைச் சட்டம் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வகுக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. தனித்துவ அடையாள அட்டை (யூடிஐடி) இல்லையென்றால் முதலில் விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும்.

2. சேர்க்கை முடிந்த வாரமே முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள். ‘வசதி செய்து தரவும்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பாடம், எந்த நேரம், சைகையா எழுத்தா என்று குறிப்பிடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

3. காலி வகுப்பறையில் ஒத்திகை பாருங்கள். மைக் ஒலி தெளிவாகப் போகிறதா, இணையம் தாங்குகிறதா என்று பாருங்கள். இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

4. பதில் வராவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். பின் பெஞ்சில் இருந்து வரும் கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை. வகுப்பு சிரிக்கும்போது அந்த மாணவியும் கூடவே சிரிக்கிறாளா என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரித்தால், உதவி இன்னும் அவளை எட்டவில்லை என்று பொருள்.