முள்ளிலவு: மும்பைக் காட்டின் இலையுதிர் மரம்

மரங்களை இனங்காண இலையை முதற்சான்றாகக் கொள்ளுதல் பள்ளிகளில் வழக்கம். முள்ளிலவைப் பொறுத்தவரை இம்முறை ஆண்டில் மூன்று நான்கு மாதங்களுக்குப் பயன்படாது. டிசம்பரில் இம்மரம் இலை உதிர்க்கத் தொடங்குகிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கிளைகள் முற்றும் வெறுமையடைகின்றன. அவ்வெறுங்கிளைகளின்மீதே உள்ளங்கை அளவான செந்நிற மலர்கள் விரிகின்றன. பூத்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. தொலைவிலிருந்தே மரத்தை அறியலாம். இலையும் பூவும் இன்றி நிற்கும் இடைக்காலத்தில்தான் தவறு நேர இடமுண்டு. காட்டில் அதனால் கேடில்லை. நகரத்திலோ, உயிருள்ள மரம் பட்டமரம் எனக் கருதப்பட்டு வெட்டுக்கு உள்ளாகக்கூடும். களப்பணியாளரும் ஆசிரியரும் இம்மரத்தின் அமைப்பையும் ஆண்டு வாழ்க்கையையும் செவ்வையாக அறிந்திருத்தல் இதன்பொருட்டே வேண்டற்பாலது.

பெயர்

தாவர நூலார் இதனைப் பாம்பாக்ஸ் செய்பா என்பர். பாம்பாக்ஸ் மலபாரிகம், சால்மாலியா மலபாரிகா என்னும் பெயர்கள் பழைய நூல்களில் காணப்படும்; அவையும் இம்மரத்தையே குறிக்கும். முன்னர்ப் பாம்பகேசி என்னும் தனிக்குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இது, இன்று பருத்தி, வெண்டை, செம்பருத்தி ஆகியவை அடங்கிய மால்வேசிக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. வடமொழியில் சால்மலி, இந்தியில் சேமல் எனப்படும். மராத்தியர் சாவர் என்றும் காட்டேசாவர் என்றும் வழங்குவர். பின்னைய பெயரைக் கேட்கும் தமிழ் மாணவர் காட்டுச் சாவர் எனப் பொருள் கொள்ளக்கூடும்; மராத்தியில் காட்டா என்பது முள். ஆகவே காட்டேசாவரும் முள்ளிலவும் ஒரே கருத்துடைய பெயர்களாம்.

தமிழ்நாட்டில் இலவம் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது தலையணைப் பஞ்சு தரும் மற்றொரு மரம். அது செய்பா பென்டாண்ட்ரா. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து பரவியது. சங்கப் புலவர் பாலை நிலத்தில் இலையின்றிப் பூத்து நிற்பதாகக் கண்ட செம்மலர் இலவம் அதுவன்று, முள்ளிலவே. அறிவியற் பெயரும் இக்குழப்பத்திற்குத் துணை செய்வது வியப்பே. ஒரு மரத்திற்குப் பேரினப் பெயராக நிற்கும் செய்பா என்னும் சொல், மற்றதற்குச் சிற்றினப் பெயராக நிற்கிறது. 1753இல் லின்னேயஸ் முள்ளிலவுக்கு இட்ட பெயர் அவ்வாறே நிலைத்துவிட்டது. அவருக்கும் முற்பட்டு, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்னும் நூல் மலையாள நாட்டு வழக்கைப் பின்பற்றி இதனை முள்ளிலவு என்னும் பெயராலேயே விளக்கியுள்ளது.

மழை மிகுந்தும் இலை உதிர்வதேன்?

மும்பையில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 2,200 மில்லிமீட்டர். சென்னையில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரே. அங்ஙனமாயின் மும்பைக் காடுகள் என்றும் பசுமையாய் இருத்தல் வேண்டும், சோழமண்டலக் கரையின் காடுகள் உதிர்தல் வேண்டும் என மாணவர் எண்ணுவது இயல்பு. உண்மை இதற்கு மாறானது. சோழமண்டலக் கரையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடுகள் வெப்பமண்டல உலர் பசுங்காடுகள். கிண்டித் தேசியப் பூங்காவின் புதர்களும் அவ்வகையினவே. மும்பையின் வடபால் 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில் அமைந்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலோ இலையுதிர் காடே மேலோங்கியுள்ளது.

விடை மழையின் அளவில் இல்லை, பகிர்வில் உள்ளது. மும்பை மழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. அக்டோபரில் சிறிது பெய்தபின் மே முடிய வானம் வறண்டிருக்கும். சென்னைக்குத் தென்மேற்குப் பருவத்தில் ஓரளவும் வடகிழக்குப் பருவத்தில் மிகுதியும் மழை கிடைப்பதால் வறட்சிக்காலம் சுருங்குகிறது. நான்கு மாதம் வெள்ளமும் எட்டு மாதம் வறட்சியும் என்னும் கணக்கிற்கு ஏற்ப அமைந்த உடலே முள்ளிலவின் உடல். இக்கருத்தை மனத்திற்கொண்டு நோக்கினால் அதன் ஒவ்வோர் உறுப்பின் பயனும் விளங்கும்.

அடிமரமும் முள்ளும்

நல்ல மண்ணில் இது 30 மீட்டருக்கு மேலும் உயரும். அடிமரம் நேராகவும் உருண்டையாகவும் வளரும். முதிர்ந்த மரங்களில் அடியில் பலகை போன்ற உதைவேர்கள் புறப்படும். கிளைகள் ஒரே மட்டத்தில் ஐந்தாறாகச் சுற்றி எழுந்து, தரைக்கு இணையாக நீளும். இத்தகைய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால், இலையற்ற நிலையிலும் மரத்தின் வடிவமே ஓர் அடையாளமாகும்.

இளமரத்தின் பட்டையில் கூம்பு வடிவான முட்கள் நெருங்கியிருக்கும். எலுமிச்சையின் முள் கணுவில் தோன்றிக் கட்டையோடு இணைந்திருப்பது; இதன் முள்ளோ ரோஜாச் செடியின் முள்ளைப்போல மேற்புறத் திசுவின் புடைப்பே. கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் பெயர்ந்து விழும், தழும்பு மட்டும் எஞ்சும். தமிழில் இரண்டையும் முள் என்றே சொல்வதால் வகுப்பில் இவ்வேறுபாட்டைச் செய்து காட்டுதல் நன்று. மரம் முதிர முதிர முட்கள் தேய்ந்து அடிமரம் வழவழப்பாகும். ஆகையால் முள் இல்லாமையைக் கொண்டு முள்ளிலவு அன்று என முடிவு செய்தல் கூடாது. மேற்கிளைகளையும் நோக்குதல் வேண்டும்.

கட்டை மிக இலேசானது. உலர்ந்த நிலையில் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 350 முதல் 400 கிலோகிராம் நிறையுடையது. தேக்கு 600 கிலோகிராமுக்கு மேல். கட்டையின் இவ்வெளிமை ஒரு குறையன்று. பச்சைமரத்தில் அத்திசு பெருமளவு நீரைத் தேக்கி வைக்கிறது. இலைகள் இருக்கும்வரை நீராவிப்போக்கால் நீர் செலவாகும். இலை உதிர்ந்ததும் அச்செலவு நின்று, வேரும் அடிமரமும் கொண்ட நீர் கிளைநுனிகளை அடைகிறது. வறட்சியின் நடுவில் இவ்வளவு சதைப்பற்றான பூக்கள் மலர இந்தச் சேமிப்பே முதல்.

இலையும் பூவும்

இலை அங்கை வடிவக் கூட்டிலை. நீண்ட காம்பின் நுனியில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரல்கள்போல் விரிந்திருக்கும்; ஓரம் பிளவற்றது, நுனி கூரியது. புதிய தளிர் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில், பூ முடியும் தறுவாயில் தோன்றும்.

பூ, வகுப்பறைக்கென்றே அமைந்தது எனலாம். பெரிதாகையால் உருப்பெருக்கி தேவையில்லை. உதிர்ந்த பூக்களே போதுமாகையால் மரத்தில் ஏறவும் வேண்டுவதில்லை. புல்லிவட்டம் தடித்த கிண்ணம் போன்றது; விளிம்பு ஒழுங்கின்றிப் பிளந்திருக்கும்; உட்புறம் பட்டுப்போன்ற மயிர் அடர்ந்திருக்கும். இது அல்லிவட்டத்தோடும் மகரந்தத்தாள்களோடும் சேர்ந்தே விழும்.  அல்லி இதழ்கள் ஐந்து. ஒவ்வொன்றும் சுமார் 10 செ.மீ. நீளமுள்ளது, சதைப்பற்றுள்ளது, பின்னோக்கி வளைந்தது. நிறம் பெரும்பாலும் சிவப்பு; அரிதாக ஆரஞ்சு, மஞ்சள் நிறப் பூக்களும் உண்டு. மகரந்தத்தாள்கள் அறுபதுக்கு மேற்பட்டவை. வெளிப்புறத்தில் ஐந்து கட்டுகளாகவும், நடுவில் சூல்தண்டைச் சூழ்ந்து ஒரு கட்டாகவும் அமைந்திருக்கும். செம்பருத்தியில் இவையெல்லாம் ஒரே குழலாக இணைந்திருப்பதை அருகில் வைத்து ஒப்பிடுக. மகரந்தப்பை ஓரறையுடையது, இது இரண்டிற்கும் பொதுவான உறவுக்குறி. சூலகம் ஐந்து அறைகளையும், சூல்முடி ஐந்து பிரிவுகளையும் உடையன.

கிண்ணத்தின் அடியில் தேன் மிகுதியாகச் சுரக்கிறது. காகம், மைனா, கொண்டைக்குருவி, கரிச்சான், தேன்சிட்டு ஆகியன பகலில் வருகின்றன, இரவில் வௌவால்கள் வருகின்றன, அணிலும் விடுவதில்லை. குளிர்காலத்தில் மைய ஆசியப் பகுதிகளிலிருந்து வந்து தங்கும் சூறைக்குருவிகள் வடக்கே திரும்புமுன் கூட்டங்கூட்டமாக இம்மரத்தில் இறங்கும். தேனுக்காகத் தலையை நுழைக்கும் பறவையின் நெற்றியிலும் மார்பிலும் மகரந்தம் படிந்து அடுத்த பூவிற்குச் செல்கிறது. இலையற்ற கிளையில் பூ மறைவின்றித் தோன்றுவது பறவைகளை ஈர்க்கும் ஏற்பாடுமாகும். இந்தியப் பறவைகளுக்கும் பூக்களுக்கும் உள்ள இவ்வுறவைப் பற்றிச் சாலிம் அலி 1932இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விரிவான கட்டுரை எழுதினார். தரையில் விழுந்த பூக்கள் புள்ளிமான்களுக்கு இரை. மனிதரும் விலக்கல்லர்: தாய்லாந்தின் வடபகுதியில் உலர்த்திய மகரந்தத்தாள்களைக் குழம்பிலிடுவர்; சீனத்தின் குவாங்சௌ நகரம் இதனைத் தன் நகரமலராகக் கொண்டுள்ளது.

காயும் பஞ்சும்

கனி நீண்ட வெடிகனி. ஏப்பிரல், மே மாதங்களில் ஐந்து பிளவாக வெடிக்கும். உள்ளே வெண்பஞ்சும், அதிற் புதைந்த வழுவழுப்பான கரிய விதைகளும் இருக்கும். இங்கு ஒரு நுட்பம். பருத்தியின் இழை விதையின் தோலிலிருந்து முளைப்பது. இலவின் இழையோ கனிச்சுவரின் உட்புறத்திலிருந்து முளைப்பது. ஆகையால் விதையை உதறினால் பஞ்சு எளிதில் பிரிந்துவிடும், கடைதல் வேண்டுவதில்லை. இழை குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் நூற்றற்கு உதவாது. அதன் உள்ளே காற்றும் புறத்தே மெழுகுத்தன்மையும் உள்ளன. ஒரு பிடி இலவம்பஞ்சையும் ஒரு பிடி பருத்தியையும் நீரிலிட்டுப் பார்க்கும் சிறார், உயிர்காப்பு மிதவைகளில் இலவம்பஞ்சு திணிக்கப்பட்ட காரணத்தைத் தாமே சொல்வர். இலவு காத்த கிளி ஏமாந்த கதையும் இவ்வெடிகனியின் கதையே. கிளி தவறியது காலத்தில் அன்று, கனியின் வகையில்.

கோடைக்காற்று விதையைச் சுமந்து பரப்பியபின் சில கிழமைகளில் பருவமழை இறங்குகிறது. வறட்சியின் முடிவை ஒட்டியே கனி வெடிப்பதன் பயன் இதுவாம்.

ஒத்த மரங்கள்

அமெரிக்க இலவில் மகரந்தத்தாள் ஐந்தே. பூ சிறிது, வெளிர்நிறமானது, கொத்தாகத் தோன்றுவது. இளமையில் அடிமரம் பசுமை கலந்தது. அதன் அடிமரத்திலும் சிற்சில வேளை முள் உண்டாகையால் முள்ளை நம்புதல் ஆகாது. மும்பையில் இதே பருவத்தில் இலையின்றிச் செம்மலர் ஏந்தும் கலியாணமுருங்கையும் புரசும் அவரைக் குடும்பத்தன. அவற்றின் பூ வண்ணத்துப்பூச்சி வடிவச் சார்புடையது. இலை மூன்று சிற்றிலை கொண்டது.

நகரத்தில் பேணல்

இலவின் இலேசான கட்டை தீக்குச்சிக்கும் பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் உகந்தது. 1923இல் நிறுவப்பெற்ற வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் ஆலைகளுள் ஒன்று மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் இருந்தது. இந்தியத் தீப்பெட்டித் தொழில் பெரிதும் நாடிய மரங்களுள் இலவும் ஒன்று. தெற்கு இராசத்தானில் ஹோலிக் கம்பத்திற்காக இளமரங்கள் வெட்டப்பட்டு அவ்வினம் அருகி வருகிறது. மும்பையில் இடர் வேறுவகை. மரத்தடி வரை பூசப்படும் சிமென்ட்டு, பருவமழைக்கு முன் நிகழும் கிளை வெட்டு, இலையற்ற நிலையைப் பட்டநிலையாகக் கொள்ளும் பிழை ஆகியவற்றைக் குறிப்பிடலாம்.

1975ஆம் ஆண்டின் மகாராட்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மரத்தை வெட்ட முன் அனுமதி வேண்டும். அனுமதிக்கு அடிப்படையாவது நேரில் கண்டவரின் குறிப்பு. டிசம்பர் முதல் மார்ச்சு வரை இலையின்மையை மட்டும் கொண்டு முள்ளிலவைப் பட்டமரம் என எழுதுதல் கூடாது. வெவ்வேறு அடுக்குகளிலிருந்து விரல் தடிப்புள்ள சிறுகிளைகளை எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டுக. உள்ளே பசுமையும் ஈரமும் தோன்றினால் மரம் உயிருள்ளது. சிறுகிளை வளையாமல் உலர்ந்து ஒடிந்து, பட்டை தானே உரிந்து, அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால் மட்டுமே ஐயுறுதல் தகும். ஒரு கிளை பட்டமை மரம் பட்டமை ஆகாது. ஐயம் நீங்காவிடின் ஏப்பிரல் முடியப் பொறுத்துத் தளிரைக் கண்டு எழுதுவதே நேரிது. பூக்கள் கிளைநுனிகளை ஒட்டித் தோன்றுவதால், நவம்பருக்குப் பின் நுனிகளை வெட்டினால் அவ்வாண்டின் பூவும் அதை நாடும் பறவைகளும் குறையும்.

புதிதாக நடுவோர் ஒடுங்கிய நடைபாதையைத் தவிர்த்தல் நலம். உதைவேர் தளத்தைப் பெயர்க்கும். இளமையின் முட்கள் வழிப்போக்கரைக் குத்தும். வழுக்கலான பூக்கள் காலடியில் விழும். பள்ளி மைதானத்தின் மூலையும் பூங்காவும் ஏற்றவை. தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதி ஆசிரியர்கள் நடுகையின் பயனைக் காட்ட மாணவரை மாகிம் இயற்கைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லலாம். தாராவியை அடுத்து மித்தி ஆற்றோரம் நகரக் குப்பை கொட்டப்பட்ட நிலத்தில் 1983இல் மரநடுகை தொடங்கி, 1994இல் அப்பூங்கா திறக்கப்பட்டது. முள்ளிலவின் விதையை முதல் மழையோடு விதைத்து, நாற்றை நல்ல வெயிலில் வளர்த்தல் வேண்டும். பெரிய மரத்தின் நிழலில் நட்டால் அது தேறுவதில்லை.