கிராமக் கிடங்கு: கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

அறுவடைக் காலத்தில் சந்தையில் வரத்து பெருகுகிறது, விலை சரிகிறது. கடன் நெருக்கடியிலுள்ள சிறு விவசாயி கிடைத்த விலைக்கே விற்க நேரிடுகிறது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு கிராமப்புறக் கிடங்குத் திட்டத்தைத் தொடங்கியது. 2020-இல் ஏற்படுத்தப்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் கீழ் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு.

ஆயினும், கட்டடம் எழுப்பிவிட்டால் மட்டும் தானியம் காக்கப்படுவதில்லை. ஈரமே அதன் முதற்பகை. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா' குதிர் இதனை உணர்ந்து அமைக்கப்பட்டது. இரு மண்சுவர்களுக்கு இடையே பாலித்தீன் தாளைப் பொதிந்து, குறைந்த செலவில் ஈரம் தடுக்கப்பட்டது.

பெரிய கிடங்குக்கும் இந்நெறி பொருந்தும். மழைநீர் தேங்காத மேட்டுநிலம், ஈரம் ஏறாத உயர்ந்த தளம், ஒழுகாத கூரை, எலியும் பறவையும் நுழையாதபடி வலையிட்ட காற்றுப்போக்கிகள், இடைவெளியின்றி மூடும் கதவுகள் ஆகியவை இன்றியமையாதவை. மூட்டைகளை மரத்தட்டிகள் மீது, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.

2007-ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டப்படி, பதிவு பெற்ற கிடங்கு மட்டுமே கைமாற்றத்தக்க ரசீது வழங்க முடியும். அந்த ரசீதை ஈடாக வைத்து விவசாயி வங்கிக் கடன் பெறலாம். நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். தரமற்ற கிடங்குக்குப் பதிவு கிடைப்பது அரிது. எனவே, கட்டுமானத்தில் செய்யும் சிக்கனம் விவசாயியின் பேர வலிமையையே குறைத்துவிடும். கடனுக்குப் பரிந்துரைக்கும் அலுவலர், மதிப்பீட்டுத் தொகையுடன் வரைபடத்தையும் ஆராய்வது கடமையாகும்.